தைப்பனிக்கு வாங்கிய சாமான்களும் யாழ்ப்பாண வெக்கையும்

குளிருக்குப் பாவிக்கும் முகாம் சாமான்களுக்கென்று எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு இருக்கிறது. தை, மாசியில் வசதிப்பட்டால் நாலைந்து பேராக மலைநாட்டில் நுவரெலியாவுக்கு அப்பால் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் கிளம்புவோம். "உந்தக் குளிருக்க போய்ப் படுக்க உங்களுக்கென்ன விசரே?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். இரண்டு மூன்று இரவுகளுக்காக வாங்கிய அந்தச் சாமான்கள் ஆண்டின் மிச்ச நாளெல்லாம் யாழ்ப்பாணப் புழுக்கத்தில்தான் கிடக்கின்றன. பல வருடம் பாவித்த பிறகு சொல்கிறேன்: மலைக்குளிர் என் சாமான் எதையும் கெடுத்ததில்லை. கெட்டதெல்லாம் வீட்டில் இருந்து கெட்டவை.

முதலில் எவ்வளவு குளிருக்கு வாங்குவது என்பதைப் பார்ப்போம். உயரம் 100 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.65 பாகை குறையும். சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே இரவில் 22 பாகை என்றால் அங்கே 8 பாகை அளவில் இருக்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் மேகமில்லாத தை மாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது புல்வெளிப் பள்ளங்களில் 0 பாகை வரை இறங்கி, விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். ஆகவே இலங்கைக்குள் முகாம் போடுகிறவருக்கு 0 பாகையைத் தாங்கும் சாமான் போதும். அதற்குக் கீழே போவது காசுக்கும் முதுகுக்கும் பாரம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் பாதிப் பேரின் குளிர்ச் சாமான் ரொறன்ரோவில் இருந்தோ ஒஸ்லோவில் இருந்தோ வருகிறது. சொந்தக்காரர் பாசத்தில் தங்கள் ஊர்க் குளிருக்கு ஏற்றதை அனுப்புவார்கள். என் மச்சான் கொண்டுவந்து தந்த தூக்கப்பை -18 பாகைக்கானது. அதற்குள் படுத்தால் நடுச்சாமத்தில் வியர்த்துக் கொட்டும், சிப்பைத் திறந்தால் வியர்வை குளிர்ந்து நடுக்கும். அதைத் தம்பியிடம் தள்ளிவிட்டேன், அவன் விரித்துப் போர்வையாகப் பாவிக்கிறான்.

இப்போது நான் வைத்திருப்பதில் பெரிதாக 20 என்று போட்டிருக்கும். அது பாரன்ஹீட், நம் கணக்கில் -7. உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளில்தான் உண்மை இருக்கிறது. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பைகளில் மூன்று எண்கள் போடுவார்கள். வசதியாகத் தூங்கும் அளவு ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் கீழ் எல்லை ஒன்று, உயிர் தப்பினால் போதும் என்ற கடைசி அளவு ஒன்று. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது, சில மலிவுப் பைகளில் மூன்றாவது. நீங்கள் முதலாவதைப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் அது -1. சமவெளிக்கு அளவாக இருக்கிறது.

பைக்குள் அடைத்திருப்பது வாத்துத் தூவியா, செயற்கை நாரா நல்லது என்றால், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு என் வாக்கு செயற்கை நாருக்குத்தான். தூவி எடை குறைவு, ஒழுங்காக வைத்தால் நெடுங்காலம் உழைக்கும், ஆனால் நனைந்தால் கட்டிபட்டுச் சூட்டைப் பிடிக்காது. காயவைப்பதும் பெரும்பாடு. மார்கழி மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் உப்பே கரைகிறது, தூவி எந்த மட்டுக்கு! செயற்கை நார் சில வருடத்தில் உப்பல் குறையும் என்பது மெய்தான், என்னுடையதும் கொஞ்சம் மெலிந்துவிட்டது. இறுக்கிச் சுருட்டி வைத்தால் இன்னும் கெதியாக மெலியும். அதனால் வீட்டுக்கு வந்ததும் பழைய தலையணை உறை இரண்டை இணைத்துத் தைத்த பருத்திப் பைக்குள் தளர்வாகப் போட்டுத் தொங்கவிடுகிறேன்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். முகாமில் அது தரையிலிருந்து முதுகைத் துளைக்கும். தூக்கப்பையின் அடிப்பக்கம் உடல் பாரத்தில் நசுங்கிவிடுவதால் அங்கே சூடு நிற்காது, கீழே போடும் பாய்தான் காப்பாற்ற வேண்டும். பாய்களுக்கு ஆர் மதிப்பு என்று ஒரு எண் உண்டு. கூடினால் தரைக்குளிரை அதிகம் தடுக்கும், ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இரண்டின் மதிப்பும் கூட்டிக்கொள்ளலாம். நான் ஏறக்குறைய 2 மதிப்புள்ள மூடிய துளை நுரைப்பாய் ஒன்றும், அதற்குமேல் காற்றடிக்கும் பாய் ஒன்றும் கொண்டுபோவேன். காற்றுப்பாய் சுகமானதுதான். ஆனால் ஓட்டுக்குக் கீழே ஒரு சித்திரை வெக்கையைக் கண்டதும் உள்ளே ஒட்டியிருந்த தடுப்புகள் கழன்று, நடுவில் பானை வயிறு போல ஒரு புடைப்பு வந்துவிட்டது. நுரைப்பாயை எலி கடித்தது, நாய்க்குட்டி இழுத்தது, இன்னமும் அதே வேலையைச் செய்கிறது. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நுரைப்பாய்.

கூடாரத்தின் கதை இன்னும் மோசம். முதல் கூடாரத்தின் வெளித்துணியில் உட்பக்கம் தண்ணீர் புகாமல் தடுக்கும் பொலியூரித்தேன் பூச்சு. நாலாவது வருடமோ என்னவோ, பையைத் திறந்தபோது துணி ஒன்றோடொன்று ஒட்டிப் புளித்த மணம் அடித்தது, பிரித்தால் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்தப் பூச்சை ஈரமும் சூடும் சேர்ந்து சிதைக்கும், இரண்டுமே எங்களிடம் தாராளம். இப்போதுள்ளது சிலிக்கன் பூசிய நைலோன். அது அப்படிப் பிசுபிசுக்காது. ஒரே தொல்லை, தையலில் நீர்த்தடுப்பு நாடா ஒட்டாது, தையல் பசையை நாங்களே தடவ வேண்டும். ஒரு பின்னேர வேலை. வெயிலில் விரித்துக் காயவைக்காதீர்கள், நைலோன் வெயிலுக்கு இற்றுப்போகும். மாமர நிழல் போதும். சப்பாத்துக்கும் இதே வியாதிதான்: பெட்டியில் புதிதாக இருந்த ஒரு சோடியின் பொலியூரித்தேன் நடு அடிப்பகுதி, சமவெளிக்கு ஏறும் ஒஹிய பாதையில் மாவாக உதிர, நண்பன் கயிறு கட்டி நடந்தான்.

குளிர் என்று கூடாரத்தின் காற்றுவழியை அடைக்கவும் கூடாது. மூச்சு ஈரம் உட்சுவரில் நீராகி விடியத் தலையில் சொட்டும். உள்ளே அடுப்பு மூட்டுவதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், அடுப்பில் வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

அடுப்பு என்றால், கடைகளில் லேசாகக் கிடைக்கும் நீட்டு டின் காஸ் பெரும்பாலும் பியூட்டேன். அது -0.5 பாகையில்தான் கொதித்து ஆவியாகும், ஆகவே உறைபனி விடியலில் சுவாலை சோர்ந்து தேத்தண்ணிக்கே பாடாகும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த டின் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் டின்னைப் படுக்கும்போது துணியில் சுற்றிக் கூடவே வைத்துக்கொள்ளலாம், நெருப்பில் காட்டக்கூடாது.

உடுப்புக்குப் பெரிய செலவு வேண்டாம். நுவரெலியா பேல் பஜாரில் ஏற்றுமதி மிச்ச ஜாக்கெட்டுகள் மலிவாகவே கிடைக்கும். உள்ளுக்குப் பருத்தி பெனியன் மட்டும் வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். கம்பளித் தொப்பியும் படுக்கைக்கென்று காய்ந்த சோடி காலுறையும் கட்டாயம்.

ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவுக்குள் தங்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், அதுவும் குறித்த இடங்களில் மட்டும். சாப்பாட்டை வெளியே விட்டால் மரை வந்து மோப்பம் பிடிக்கும். அனுமதி கிடைத்ததும் வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு அழைப்பு எடுப்பவர்கள், அவர் கடையில் நிற்கும்போதே இரண்டு படம் கேளுங்கள்: தூக்கப்பையின் உள் லேபிள் ஒன்று, கூடாரத் துணியின் பூச்சு என்னவென்று எழுதிய இடம் ஒன்று.