சோப்பு செய்யும் தொடக்கநிலை கிட்: அச்சு அருமை, கையேட்டை நம்பாதீர்கள்

கோல்ட் ப்ராசஸ் முறையில், அதாவது அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், காஸ்டிக் சோடாவையும் எண்ணெயையும் கலந்து அடியிலிருந்து சோப்பு செய்யப் பழகுபவர்களுக்கான கிட் இது. 1.2 லிட்டர் சிலிக்கான் அச்சு, அதைத் தாங்கும் மூடி போட்ட மரப்பெட்டி, 250 கிராம் காஸ்டிக் சோடா, டிஜிட்டல் தராசு, பாலிப்ராப்பிலீன் குவளை, கண்ணாடித் தெர்மாமீட்டர், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, 30 கிராம் மலர் வாசனை எண்ணெய், ஒரு கையேடு ஆகியவை உள்ளே இருக்கின்றன. எண்ணெய்களையும் ஹேண்ட் பிளெண்டரையும் தனியாக வாங்க வேண்டும்.

பெரிய குறை கையேட்டில்தான். காஸ்டிக் சோடாவைக் கிராமில் சொல்லிவிட்டு எண்ணெயை மில்லிலிட்டரில் சொல்கிறது: தேங்காய் எண்ணெய் 240, ஆலிவ் எண்ணெய் 480, விளக்கெண்ணெய் 80, காஸ்டிக் சோடா 113 கிராம். இந்த எண்களை எல்லாம் கிராமாக எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. இவற்றை அந்தந்த எண்ணெயின் எடையால் பெருக்கி மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 119 கிராம். அதில் 5 சதவீதம் குறைத்தால் 113. அந்த 5 சதவீதம்தான் சூப்பர்ஃபேட். சோப்பாகாமல் மிஞ்சும் எண்ணெய், தோலுக்கான பாதுகாப்பு.

ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 800 மில்லி எண்ணெய்க் கலவை சுமார் 737 கிராம்தான் இருக்கும். அதற்குத் தேவையான காஸ்டிக் சோடா, சூப்பர்ஃபேட்டே இல்லாமல் கணக்கிட்டாலும், 110 கிராமைத் தாண்டாது. கையேட்டின்படி அளந்தால் பாதுகாப்பு எண்ணெய் முழுவதும் போய், மூன்று கிராமுக்கு மேல் காரம் சோப்பிலேயே தங்கிவிடும். அது தோலை எரிக்கும் சோப்பு. ஆகவே அளவுக் குவளையைத் தொடாமல் எல்லாவற்றையும், தண்ணீரையும் சேர்த்து, தராசில் நிறுத்தே எடுங்கள். தரப்பட்ட தராசு 1 கிராம் துல்லியம் கொண்டது. இந்த அளவுக்குப் போதும். 200 கிராம் எண்ணெயில் சின்னதாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் போதாது. அங்கே ஒரு கிராம் பிசகினாலே சூப்பர்ஃபேட்டில் பெரும்பகுதி காலியாகிவிடும்.

226 கிராம் குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரே இடத்தில் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைசல் 80 டிகிரிக்கு மேலேகூடச் சூடாகும். பாலிப்ராப்பிலீன் குவளை அதைத் தாங்குகிறது, நல்ல தேர்வு. கண்ணாடித் தெர்மாமீட்டரை ஏன் வைத்தார்கள் என்றுதான் விளங்கவில்லை. காரம் கண்ணாடியை நாளடைவில் அரிக்கும், திடீர்ச் சூட்டில் உடையவும் கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனை உள்ள தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் அறவே வேண்டாம்; காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

கையில் காரம் பட்டால் வினிகர் ஊற்றச் சொல்கிறது கையேடு. அப்படிச் செய்யாதீர்கள். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரியை ஒட்டி வந்ததும் சேர்க்கலாம். பிளெண்டரைச் சில நொடி ஓட்டி, நிறுத்தி, கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். கலவையைத் தூக்கி ஊற்றினால் மேலே கோடு விழுந்து ஒரு கணம் நின்று மறைய வேண்டும். அதுதான் ட்ரேஸ். எண்ணெய் ஆறிப்போயிருந்தால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கி, கலக்காமலேயே கெட்டியானதுபோல் ஏமாற்றும். அதை அச்சில் ஊற்றினால் பிறகு எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும்.

வாசனை எண்ணெய் 24 கிராம், அதாவது எண்ணெய் எடையில் 3 சதவீதம் போதும். மலர் வாசனைகள் பல கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும், இதுவும் அந்த ரகம். ட்ரேஸ் மிக மெலிதாக இருக்கும்போதே சேர்த்து, பிளெண்டரை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் கிளறி உடனே ஊற்றிவிடுங்கள்.

கிட்டின் அழகே அச்சும் மரப்பெட்டியும்தான். பக்கங்கள் பிதுங்காமல் கட்டி நேராக வருகிறது. 800 கிராம் எண்ணெய்க்கு அளவும் கச்சிதம். மூடி காற்றைத் தடுப்பதால் மேலே வெள்ளைச் சோடா சாம்பல் படிவது குறைகிறது. மரம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதால் மேலே துண்டு சுற்ற வேண்டாம். உள்ளே சூடு மிஞ்சினால் கட்டியின் நடுவில் வெடிப்பு விழும். வெடிப்பு தென்பட்டால் மூடியை எடுத்துவிடுங்கள். சிலிக்கானில் ஈரம் வெளியேறாது, எனவே 48 மணி நேரம் விட்டுக் கழற்றினால் முனை பிய்யாது.

ஏழு நாளில் பயன்படுத்தலாம் என்பதும் கையேட்டின் அவசரம். சோப்பாகும் வினை பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிடும், உண்மைதான். தண்ணீர் வற்றி, கட்டி இறுகி, நுரை மென்மையாக 4 முதல் 6 வாரம் வேண்டும். ஆலிவ் அதிகமுள்ள இந்தக் கலவைக்கு ஆறு வாரமே நல்லது. அவசரப்பட்டால் குளியலறையில் கரைந்து கூழாகிவிடும்.

காஸ்டிக் சோடா இரண்டு முறைக்கு வருகிறது. ஆனால் திரும்ப மூட முடியாத பையில் தந்திருக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி அதன் வீரியம் குறையும், அடுத்த முறை சோப்பு பிசுபிசுக்கும். பிரித்த கையோடு இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தராசு ஏற்கெனவே இருப்பவர்கள், அச்சையும் மரப்பெட்டியையும் தனியாக விற்றால் அவற்றை மட்டும் வாங்கலாம். எதுவுமே இல்லாதவர்களுக்கு முழு கிட்டும் பயன்படும், செய்முறையை மட்டும் கிராமில் எழுதிய வேறொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.