ஆர்வி வண்டிக்கு இலவச ராத்தங்கல்: ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸும் பூண்டாக்கர்ஸ் வெல்கமும்

அமெரிக்காவில் ஆர்வி (படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் விளம்பரத்தைப் பார்த்துவிடுவார்கள். 2010-இல் தொடங்கிய உறுப்பினர் திட்டம் இது. ஒயின் தோட்டம், பண்ணை, பீர் ஆலை, அருங்காட்சியகம் என 5,000-க்கும் மேற்பட்ட இடங்களில் ஓரிரவு வண்டியை நிறுத்தலாம். நிறுத்தக் கட்டணம் கிடையாது.

ஆனால் இலவசம் என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். ஆண்டுச் சந்தா 100 டாலரை ஒட்டி வரும். அது அடிக்கடி மாறுகிறது, தள்ளுபடியும் வருகிறது. சேரும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், இடம் கொடுத்தவரிடம் 30 டாலருக்காவது ஏதாவது வாங்குவது எதிர்பார்க்கப்படும் மரியாதை. ஆண்டுக்குப் பத்து இரவு தங்கினால் சந்தா 100, வாங்கல் 300, ஆக இரவுக்கு 40 டாலர். இந்தப் பணத்துக்குப் பல இடங்களில் மின்சாரம், தண்ணீரோடு முகாமே கிடைத்துவிடும். சீஸ், தேன், ஒயின் எப்படியும் வாங்குகிற வீட்டுக்கு இது லாபம். வெறும் தூங்குமிடம் தேடுகிறவருக்கு நஷ்டம்.

அவருக்கு ஏற்றது பூண்டாக்கர்ஸ் வெல்கம். 2012-இல் தனியாகத் தொடங்கியது. 2021-இல் ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் வாங்கிவிட்டது. இங்கே இடம் கொடுப்பவர்கள் தனிநபர்கள், பெரும்பாலும் அவர்களும் ஆர்வி ஓட்டுகிறவர்கள். வீட்டு முற்றத்திலோ பின்பக்க நிலத்திலோ நிறுத்தச் சொல்வார்கள். எதையும் வாங்க வேண்டியதில்லை. சிலர் சின்னத் தொகைக்கு மின்சாரமும் தருவார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவும் அனுமதிப்பார்கள். சந்தாவும் சற்றுக் குறைவு. நம் தீர்ப்பு: சிக்கனமாக ஊர் சுற்றுகிறவர்கள் முதலில் இதில் சேரட்டும்.

இரண்டிலும் வண்டிக்குள்ளேயே கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும். சமையலும் உள்ளேதான். கூடாரம் போடக்கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே என்று தரையில் விட்டுவிடக்கூடாது. இதற்காகவே உறுப்பினர் நீக்கப்படலாம். போகும் முன் வழியிலுள்ள கழிவு இறக்கும் நிலையத்தில் தொட்டிகளைக் காலி செய்து, நல்ல தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டங்களின் செயலியில் வண்டியின் நீளத்தை முதலில் பதிவு செய்யுங்கள். இழுத்துச் செல்லும் காரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 30 அடி என்று சொல்லிவிட்டு 45 அடியோடு போனால் திரும்ப இடமிருக்காது, பின்னால் எடுக்கவும் முடியாது. இடம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் முன் செயற்கைக்கோள் படத்தில் நுழைவாயில், மரக்கிளை, மின்கம்பி, திரும்பும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். மழை பெய்திருந்தால் நிறுத்துமிடம் புல்தரையா சரளையா என்று கேட்டுவிடுங்கள். ஈரப் புல்லில் இறங்கிய கனமான வண்டி காலையில் டிராக்டர் இல்லாமல் வெளியே வராது. வேலை நேரத்துக்குள் போய்ச் சேருவதும் முக்கியம். மாலை ஐந்துக்குக் கடை மூடினால், ஆறுக்குப் போகிறவரை வரவேற்பது பூட்டிய கேட்தான். வார இறுதியில் திருமணம், கச்சேரி நடக்கும் ஒயின் தோட்டங்களில் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பலருக்கும் சறுக்குவது பேட்டரியில். ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி கேட்க வேண்டும், பெரும்பாலும் மறுப்பார்கள். 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாகச் செலவழிக்கலாம், அதாவது 50. குளிர் இரவில் ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி 8 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 32 போய்விடும். விளக்கு, தண்ணீர் மோட்டார், வாயுக்கசிவு அலாரம் எல்லாம் சேர்ந்து இன்னொரு பத்து. ஓரிரவு தாங்கும்; பகலில் வண்டி ஓடிச் சார்ஜ் ஏறாவிட்டால் மறுநாள் இரவு தாங்காது. மிக்ஸிக்கும் இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கருக்கும் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும், வாடகை வண்டியில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. சட்னியை மின்சாரம் உள்ள முகாமிலேயே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது உத்தமம்.

வாடகை வண்டியும் மேற்படி வசதிகளோடு இருந்தால் போதும். ஆனால் ஒரே ஒரு வாரப் பயணத்துக்காக ஆண்டுச் சந்தா கட்டுவதில் அர்த்தமில்லை. அதுவும் யூட்டா, நெவாடா, அரிசோனா பக்கம் போகிறீர்கள் என்றால் அமெரிக்க மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறையின் (BLM) பொது நிலங்களில் பல இடங்களில் சந்தாவே இல்லாமல் 14 நாள்வரை தங்கலாம். அங்கே தண்ணீரும் கிடையாது, குப்பைத் தொட்டியும் கிடையாது. செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.