மெயின்ஃபிரேம் குறியாக்கம்: சாவி எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவை மீறினால் 2021 ஜூலை 1 முதல் நடவடிக்கை உண்டு. ஆனால் அதன் 19ஆம் பிரிவு தகுந்த, நியாயமான பாதுகாப்பு வேண்டும் என்கிறதே தவிர, குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது) என்ற சொல்லையே சொல்வதில்லை. எதைப் பொருத்துவது என்ற முடிவு ஜோகன்னஸ்பர்க், டர்பன் கணினிக்கூடங்களில் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர் தலையில்தான்.

வட்டுகள் உள்ள ஸ்டோரேஜ் பெட்டியிலேயே குறியாக்குவது எளிது. ஆனால் கழற்றிக் கொண்டுபோன வட்டுக்கு மட்டுமே அது காவல். டேட்டாசெட்டை (மெயின்ஃபிரேம் கோப்பை)த் திறக்கும் உரிமை உள்ளவருக்கு எல்லாமே தெரியும். இது ஒன்றே போதாது.

ஐபிஎம் இசட் மெயின்ஃபிரேம் செயலியின் ஒவ்வொரு கோரிலும் குறியாக்கத்துக்கான சிபிஏசிஎஃப் என்ற வன்பொருள் உண்டு. வேகத்தில் இதற்கு இணையில்லை. அம்சம் எண் 3863ஐக் கேட்டு வாங்குங்கள், கட்டணமில்லை. அது இல்லாவிட்டால் தரவின் கைரேகை போன்ற ஷா ஹேஷ் மட்டும் ஓடும், தரவைக் குறியாக்கும் ஏஇஎஸ் ஓடாது. வேறொரு சாவியால் மூடாத சாவியோடு பயன்படுத்தினால் சாவி நினைவகத்தில் கிடக்கும், நினைவக நகலான டம்ப்பிலும் வந்துவிடும்.

இயந்திரத்தில் பொருத்தும் குறியாக்க அட்டையான கிரிப்டோ எக்ஸ்பிரஸ் கார்டிலிருந்து, மற்ற சாவிகளை மூடும் மாஸ்டர் சாவி வெளியே வராது. கார்டைக் குடைந்தால் அந்தச் சாவி தானே அழிந்துவிடும். இந்தக் கார்டை மூன்று முறைகளில் ஓட்டலாம். வங்கி அட்டையின் பின் எண் சரிபார்க்கும் வங்கிக்கு சிசிஏ முறை. இபி11 முறைக்கு, மாஸ்டர் சாவியை ஏற்றும் டிகேஇ பணிநிலையம் கட்டாயம், செலவு கூடும். ஆக்சிலரேட்டர் முறை, பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலுக்கு மட்டும். மொத்தத் தரவையும் கார்டுக்கே அனுப்பினால் இரவில் ஓடும் பேட்ச் வேலைகள் விடிந்தும் முடியாது.

ஆகவே சிபிஏசிஎஃப், கார்டு இரண்டையும் சேர்த்துப் போடுவதே சரி. தரவுச் சாவி, சாவிகளைச் சேமிக்கும் கோப்பான சிகேடிஎஸ்ஸில் மாஸ்டர் சாவியால் மூடப்பட்டிருக்கும். கார்டு அதைத் திறந்து, நிரல்களின் கண்ணில் படாமல் மறுபடி மூடி, சிபிஏசிஎஃப்புக்குத் தரும். இதற்கு அணுகல் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் ராக்ஃப் மென்பொருளில், சாவிக்கான சிஎஸ்எஃப்கீஸ் ப்ரொஃபைலின் ஐசிஎஸ்எஃப் (குறியாக்கச் சேவை மென்பொருள்) பகுதியில் எஸ்ஒய்எம்சிபிஏசிஎஃப்ராப், எஸ்ஒய்எம்சிபிஏசிஎஃப்ரெட் இரண்டும் 'யெஸ்' ஆக வேண்டும். ஒன்றை விட்டாலும் டேட்டாசெட் திறக்காது. பழைய டேட்டாசெட் தானாக மாறாது. புதிதாக ஒதுக்கி நகலெடுக்க வேண்டும். சுருக்குவதென்றால் குறியாக்கும் முன்பே சுருக்குங்கள். பின்னால் ஒன்றும் சுருங்காது.

ஜோகன்னஸ்பர்க்கின் மாற்று மையம் கேப்டவுனில் என்றால் அங்குள்ள கார்டிலும் அதே மாஸ்டர் சாவி வேண்டும். அதன் பகுதிகள் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும். ஒருவர் ஒரே இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும் சரிபார்ப்பு எண் பொருந்தாது. பிரதி வந்த தரவு முழுசாக இருக்கும், ஆனால் படிக்க முடியாது. இரு மையத்திலும் ஐசிஎஸ்எஃப் திரையில் அந்த எண்ணை ஒப்பிட்டபின் முதல் டேட்டாசெட்டைக் குறியாக்குங்கள்.