பயோகெமிஸ்ட்ரியா, கெமிஸ்ட்ரியா, பயோடெக்னாலஜியா?

இளங்கலையில் இந்த மூன்றில் எதை எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் நடுநிலை காட்டுவதில்லை. நான் படித்தது பயோகெமிஸ்ட்ரி. மறுபடியும் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன். ஆகவே இதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். மூலக்கூறுகள் பிடிக்கும், உயிரினங்களில் அவ்வளவு நாட்டமில்லை என்பவருக்கு கெமிஸ்ட்ரி. கையில் பிப்பெட் பிடித்து எதையாவது உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு பயோடெக்னாலஜி. கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று பயோகெமிஸ்ட்ரிக்கு வருகிறவர்கள் மட்டும், உயிர்களில் வினைகளை விரைவுபடுத்தும் என்சைம்களின் வேகத்தைக் கணக்குப் போடும் என்சைம் கைனெட்டிக்ஸ் பாடத்தில் விழி பிதுங்கி நிற்பார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்த கேள்வி ஒன்றுதான்: படித்தது எத்தனை வருடம் தாங்கும்?

பயோடெக்னாலஜி பாடத்திட்டத்தில் உத்திகளுக்கு அதிக இடம். உத்திகளோ வேகமாக மாறுகின்றன. 1977இல் சாங்கர் குழு வெளியிட்ட டிஎன்ஏ வரிசை அறியும் முறைதான் நீண்ட காலம் கோலோச்சியது. 2005 வாக்கில் லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே ஓட்டத்தில் படிக்கும் கருவிகள் வரத் தொடங்கி, பெரிய வேலைகளை எல்லாம் அவை எடுத்துக்கொண்டன. மரபணுத் திருத்தத்திலும் இதே கதைதான். ஜிங்க் ஃபிங்கர், டேலன் என்ற பழைய திருத்தக் கருவிகளில் பழகியவர்கள், 2012இல் கிரிஸ்பர் என்ற புதிய கருவி வந்ததும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. உத்தி தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெரிதலை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் பாருங்கள். மைக்கேலிஸும் மென்டனும் என்சைமின் வேகத்தைக் கணக்கிட 1913இல் தந்த சமன்பாடு மருந்து ஆய்வில் இன்றும் புழங்குகிறது. வெறும் பரீட்சைச் சரக்கு அல்ல அது. மெத்தனால் குடித்து விஷமேறியவரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற என்சைம் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிக் கண்பார்வையைப் பறிக்கிறது. மருத்துவமனையில் அதற்கு மதுவில் இருக்கும் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. அதே என்சைம் எத்தனாலோடு இன்னும் இறுக்கமாகப் பிணைவதால் மெத்தனாலுக்கு இடம் கிடைப்பதில்லை. அது மாறாமலே மெல்ல உடலைவிட்டு வெளியேறுகிறது. இப்போது ஃபோமெபிசோல் என்ற மருந்து வந்திருக்கிறது. அதுவும் தடுப்பது அதே என்சைமைத்தான். மருந்து மாறியும் காரணம் மாறவில்லை. என்சைமில் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டு மற்றதை விலக்கும் போட்டித் தடுப்பு என்ற ஒரே பாடத்தைப் புரிந்துகொண்டவருக்கு இரண்டுமே விளங்கும். கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின்கள் வேலை செய்வதும் அந்த வழியில்தான்.

சரி, அடிப்படைதான் முக்கியம் என்றால் கெமிஸ்ட்ரியையே எடுக்கலாமே? நியாயமான கேள்வி. நான் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்தவனில்லை. ஆய்வகத்தில் அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு வினை எப்படி நடக்கிறது என்பதில் அவர்களை மிஞ்ச முடியாது. அதே வினையை செல் எப்போது நிறுத்துகிறது, ஏன் நிறுத்துகிறது என்பது எங்கள் பேட்டை. குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ் பாதையில் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்று ஒரு என்சைம் உண்டு. செல்லில் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி அதற்கு வினைபடுபொருள். ஏடிபி மிதமிஞ்சிப் போனால் அதே ஏடிபி என்சைமின் வேறோர் இடத்தில் ஒட்டி அதை மந்தமாக்கிவிடும். ஆற்றல் போதும் என்று செல் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் முறை இது. அந்தப் பாதையின் பத்துப் படிகளையும் நெட்டுரு போடுவது எரிச்சல்தான். ஆனால் எந்த மூன்று படிகளில் கட்டுப்பாடு இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் மற்ற ஏழும் தானாக மனதில் நிற்கும்.

இளங்கலையோடு படிப்பை நிறுத்திக்கொள்பவர் என்றால் என் சாய்வு தளர்கிறது. அங்கே கெமிஸ்ட்ரி ஒரு படி மேல். மருந்து, பெயின்ட், உணவு, தண்ணீர்ப் பரிசோதனை என்று எங்கே போனாலும் கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியை இயக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரியில் இளங்கலைக்கு உள்ள கதவுகள் குறைவு: மருத்துவப் பரிசோதனைக்கூடம், தரக்கட்டுப்பாடு, இப்படிச் சில. ஆராய்ச்சிக்குப் போக முதுகலையும் பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். அத்தனை வருடம் வருமானத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். இயற்பிய வேதியியல், கரிம வேதியியல், என்சைம் கைனெட்டிக்ஸ் மூன்றும் முழுப் பாடங்களாக இருக்க வேண்டும். சோதனை வகுப்பில் மாணவரே என்சைமைப் பிரித்தெடுத்து அதன் வேகத்தை அளக்க வேண்டும். இவை இல்லாத பயோகெமிஸ்ட்ரியைவிட, உயிரியலை விருப்பப்பாடமாகச் சேர்த்துக்கொண்ட கெமிஸ்ட்ரியே மேல்.