கேமிங் பிசிக்கு 16 ஜிபி ரேம் போதுமா, 32 ஜிபி போட வேண்டுமா?

உண்மையான போட்டி 16-க்கும் 32-க்கும் நடுவில்தான். 8 ஜிபியில் வாலரன்ட் ஓடும், பழைய ஜிடிஏ 5 ஓடும். ஆனால் விண்டோஸ் 11, டிஸ்கார்டு, ஸ்டீம், நாலைந்து குரோம் டேப் எல்லாம் சேர்ந்தாலே அதில் பாதி காலி. எல்டன் ரிங் குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்கிறது, ஆலன் வேக் 2 கேட்பது 16. மறுமுனையில் 64 ஜிபி. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 உயர்ந்த அமைப்புக்கு அதைப் பரிந்துரைக்கிறது. அதை ஆடாதவர், 4கே வீடியோ எடிட்டிங் செய்யாதவர் 64-க்குக் காசு போட வேண்டாம்.

ரேம் பற்றாக்குறையைச் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் சில பகுதிகளை எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். கேம் அவற்றைத் திரும்பக் கேட்கும்போது, வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி கூட ரேமைவிடப் பல நூறு மடங்கு தாமதமாகத்தான் பதில் தரும். 60 ஃபிரேமில் ஆடும்போது ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. அது தவறினால் படம் ஒரு கணம் நின்று குதிக்கும். சராசரி 90 என்று காட்டிக்கொண்டே, புதுப் பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் திக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை. சிலர் பேஜ் ஃபைலையே அணைத்து வைக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், திக்குவதற்குப் பதில் கேம் நேராக மூடிக்கொள்ளும்.

உங்களுக்குப் போதுமா என்று நீங்களே பார்க்கலாம். அரை மணி நேரம் ஆடிவிட்டு டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். 16 ஜிபியில் 13 வரை போனால் கவலையில்லை. 15-ஐத் தொட்டுக்கொண்டு, கேமும் திக்கினால் 32-க்குப் போவதில் நியாயம் இருக்கிறது. 32 ஜிபி வைத்திருக்கும் நண்பரின் பிசியில் அதே கேம் 19 ஜிபி காட்டுகிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். இடம் அதிகம் இருந்தால் விண்டோஸும் கேமும் தாராளமாக எடுத்து வைத்துக்கொள்ளும்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்தால், கார்டில் இடமில்லாதது பிசிஐஇ (கார்டைப் போர்டோடு இணைக்கும் பாதை) வழியாக ரேமுக்கு வழியும். அந்தத் திக்கலை 32 ஜிபி ரேம் தீர்க்காது, டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் தீரும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை எகிறியதிலிருந்து இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் என்றால், 16 ஜிபி ரேமோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கூடுதல் விராம் (கார்டிலேயே உள்ள மெமரி) கொண்ட கார்டில் போடுவதே சரி.

எத்தனை ஸ்டிக்காக வாங்குகிறீர்கள் என்பது ஜிபி அளவுக்கே முக்கியம். முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 போர்டில் 8 ஜிபி இரண்டு நல்ல ஜோடி. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் அப்படியில்லை: 8 ஜிபி ஸ்டிக்கில் பொதுவாக நான்கே சிப்தான், அவற்றில் பேங்க் குரூப் (சிப்புக்குள் மாறி மாறி வேலை செய்யும் பகுதிகள்) பாதி என்பதால் அதே வேகம் எழுதிய 16 ஜிபி ஸ்டிக்கைவிடப் பின்தங்கும். அதனால் பணம் இடம் கொடுத்தால், டிடிஆர்5-இல் புது பிசி கட்டுபவருக்கு 16 ஜிபி இரண்டு, அதாவது 32 என்பதே எங்கள் தேர்வு. 'இப்போது ஒன்று, பிறகு ஒன்று' என்று வாங்கினால் அதுவரை சிங்கிள் சேனலில், அதாவது சிபியுவுக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையில் ஒன்றில் மட்டும், பாதி அகலத்தில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேமையே கிராபிக்ஸுக்கும் பயன்படுத்தும் ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் அந்த அடி இன்னும் பலமாக விழும். நான்கு ஸ்டிக் போடுவதும் தப்பு வழி. ரைசன் 7000-க்கு ஏஎம்டி தரும் அதிகபட்ச ரேம் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 (நொடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர்), நான்குக்கு 3600.

வேகத்தில் ஏஎம்5-க்கு (ரைசன் 7000 முதல் வரும் ஏஎம்டி சாக்கெட்) 6000 சிஎல்30 நல்ல இடம்; சிஎல் என்பது கேட்ட தரவு வர ஆகும் கிளாக் சுற்றுகளின் எண்ணிக்கை. தாமதம் 10 நானோ நொடி. அதே 6000-இல் சிஎல்40 வாங்கினால் 13.3 ஆகிவிடும். 7800எக்ஸ்3டி போன்ற பெரிய கேஷ் (சிபியுவுக்குள்ளேயே உள்ள வேகமான மெமரி) உள்ள சிப்பில் இந்த வித்தியாசம் குறைவாகவே தெரியும். இன்டெல் எச்610 போர்டு ரேமை ஓவர்கிளாக் செய்ய, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட விடாது, அதில் 6000 கிட் போடுவது வீண்.

மாட்டும்போது நான்கு ஸ்லாட் போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஏஎம்5-இல் முதல் முறை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அது போர்டு ரேமோடு ஒத்துப்போகப் பழகும் மெமரி டிரெய்னிங், பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். பிறகு பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்போவை, அதாவது ரேமில் எழுதிய வேகத்தைப் போடும் அமைப்பை, ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். 4800 என்றே காட்டினால் எக்ஸ்போ ஏறவில்லை. கடைசியாக ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் 5600-க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அங்கேயும் எரர் வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே மாட்டிச் சோதித்து, கெட்டதைக் கண்டுபிடித்து, கிட் முழுவதையும் வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.