சிறார் கோடைக்கால முகாம்கள்: நியூயார்க், கலிபோர்னியா, டெக்சஸ் விதிகள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் சிறார் கோடைக்கால முகாம்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொருந்தும் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இல்லை. 1970களில் அப்படி ஒரு சட்டம் கொண்டுவரக் காங்கிரஸில் முயற்சிகள் நடந்தன, அவை நிறைவேறவில்லை. ஆகவே ஒரு தமிழ்ச் சங்கமோ கோயில் குழுவோ ஐந்து நாள் தங்கும் முகாம் ஒன்றை நடத்த நினைத்தால், அதே பிள்ளைகள், அதே நிகழ்ச்சி நிரல், அதே தன்னார்வலர்கள் என்றாலும், எந்த மாநிலத்தில் இடம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவர்களின் கடமைகள் வெகுவாக மாறிவிடுகின்றன. விதிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மாநிலங்களைத் தரம் பிரிப்பதில் பயனில்லை. முகாம் எழுதி வைக்கும் பாதுகாப்புத் திட்டத்தை வெளியாள் ஒருவர் படித்து, இது போதாது என்று திருப்பி அனுப்ப முடியுமா என்பதே முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு நீண்ட காலமாகவே தெளிவான விடை வைத்திருக்கும் மாநிலம் நியூயார்க். அங்கே முகாம் தொடங்குவதற்கு முன் உள்ளூர் சுகாதாரத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். பணியாளர் பொறுப்புகள், மருத்துவ ஏற்பாடு, தீ விபத்து, நீச்சல், காணாமற்போன குழந்தையைத் தேடும் முறை ஆகியவற்றை விளக்கும் பாதுகாப்புத் திட்டத்தை எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும்; அனுமதி வழங்கும் அதிகாரி அதை ஏற்றுக்கொண்ட பிறகே முகாம் நடக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வு உண்டு: ஒன்று திறப்பதற்கு முன், மற்றொன்று முகாம் நடந்துகொண்டிருக்கும்போது. இந்த இரண்டாவது ஆய்வைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். காலிக் கட்டடத்தைப் பார்வையிடும்போது படிக்கட்டும் கழிப்பறையும் தெரியும். நாற்பது பிள்ளைகள் ஏரிக்கரையில் நிற்கும்போது யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும். தங்கும் முகாமில் எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், எட்டு வயதுக்குக் குறைந்தவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்று விகிதமும் விதியிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. நீரில் இருக்கும் ஒவ்வொரு 25 பேருக்கும் ஓர் உயிர்காப்பாளர் இருக்க வேண்டும்; பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து அவ்வப்போது எண்ணிச் சரிபார்க்கவும் வேண்டும்.

கலிபோர்னியாவின் வழி வேறு. அங்கே மாநில உரிமம் என்ற ஒன்றே இல்லை. முகாம் நடத்தப்போவதாக உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, செயல்முறை விளக்கத்தைக் கொடுக்க வேண்டும். அமெரிக்க முகாம் சங்கம் (American Camp Association) என்ற அரசு சாராத அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முகாமாக இருந்தால் அந்தச் சான்றே அந்த விளக்கத்துக்கு ஈடாகிறது. மேலும், வெளிப்புறச் சூழலில் குழுவாகத் தங்கி வாழும் அனுபவத்தை ஐந்து நாளோ அதற்கு மேலோ தரும் முகாம்களே முகாம் என்ற சட்ட வரையறைக்குள் வருகின்றன. காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் பகல்நேர முகாம்கள் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. பெற்றோரில் பெரும்பாலோர் நாடுவது பகல்நேர முகாமைத்தான் என்பதால் இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

ஆனால் மனிதர்களைச் சோதிப்பதில் கலிபோர்னியா நியூயார்க்கைவிட ஒரு படி மேலே நிற்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, சிறார் சேவை அமைப்புகளின் நிர்வாகிகள், ஊழியர்கள், தொடர்ந்து உதவும் தன்னார்வலர்கள் அனைவரும் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். குழந்தைகள் மீதான வன்கொடுமையை அடையாளம் காணும் பயிற்சியும் பெற வேண்டும். மாதத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேலாகவோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலாகவோ பிள்ளைகளுடன் நேரடியாகப் பழகும் 18 வயதுக்கு மேற்பட்டவரே தொடர்ந்து உதவும் தன்னார்வலர் எனப்படுகிறார். வாரம் முழுவதும் கூடவே தங்கும் மாமாவும் அத்தையும் முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள் என்பதை நம் சங்கங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நியூயார்க்கிலோ வழக்கமான முகாம்களுக்குப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைச் சரிபார்ப்பது கட்டாயம். எல்லாப் பணியாளருக்கும் கைரேகை கேட்கப்படுவதில்லை.

டெக்சஸைப் பற்றி எழுதும்போது 2025 ஜூலை 4ஆம் நாளைத் தவிர்க்க முடியாது. கெர் கவுன்ட்டியில் குவாடலூப் ஆறு இரவோடிரவாகப் பெருக்கெடுத்தபோது கேம்ப் மிஸ்டிக் முகாமில் சிறுமியரும் இளம் பணியாளர்களுமாக 27 பேர் உயிரிழந்தனர். அந்த முகாம் உரிமம் பெற்றது. வெள்ளத்துக்கு இரண்டு நாள் முன்புதான் மாநில ஆய்வாளர் அங்கே சென்று, அவசரகாலத் திட்டம் இருப்பதாகக் குறித்திருந்தார். அந்தத் திட்டத்தின் உள்ளடக்கத்தை மதிப்பிட்டு ஒப்புதல் தருவது அப்போதைய டெக்சஸ் விதிகளின்படி மாநிலத்தின் பணியாக இருக்கவில்லை. திட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அந்தத் திட்டம் பிள்ளைகளைக் காக்குமா என்று பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடக் கொடூரமாக எதுவும் காட்டியிருக்க முடியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் கையொப்பமிட்ட புதிய சட்டங்கள் அந்தத் தூரத்தைக் குறைக்க முயல்கின்றன. அவசரகாலத் திட்டத்தை மாநிலச் சுகாதாரத் துறையிடம் சமர்ப்பிக்க வேண்டும். வெள்ள அபாயப் பகுதியில் தங்கும் அறைகள் வைத்திருக்கும் முகாம்களுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, உரிமம் கிடையாது. எச்சரிக்கைக் கருவிகளும் பணியாளர் பயிற்சியும் கட்டாயமாகின்றன. முகாம்கள் ஃபைபர் இணைய இணைப்பு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் செலவைச் சுட்டிக்காட்டிச் சில முகாம்கள் நீதிமன்றம் சென்றன. தொலைதூர மலைப்பகுதியில் இயங்கும் சிறிய முகாமுக்கு அது உண்மையான சுமைதான். ஆயினும் அறைகள் ஆற்றங்கரையில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையில் விட்டுக்கொடுக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டெக்சஸின் வரையறை அகலமானது என்பதும் கவனிக்கத்தக்கது: குறைந்தது ஐந்து சிறார்கள், குறைந்தது நான்கு நாள், சமய நோக்கிலான நிகழ்ச்சியாக இருந்தாலும் அது முகாமே.

இனி, அமெரிக்க முகாம் சங்கத்தின் தன்விருப்ப அங்கீகாரம். பணியாளர் விகிதத்தில் இது நியூயார்க்கின் விதியைவிடக் கடுமையானது: தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வயது வரை ஆறு பேருக்கு ஒருவர். பத்து வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் என்றால் நியூயார்க் சட்டத்துக்கு நான்கு பணியாளர் போதும். சங்கத்தின் அளவுக்கு ஐந்து பேர் வேண்டும். ஆனால் அங்கீகாரம் அரசு அனுமதிக்கு மாற்றாகாது. விதி மீறப்பட்டால் முகாமை மூட உத்தரவிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

சொந்த இடம் இல்லாத நம் அமைப்புகள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு வளாகத்தை வாடகைக்கு எடுக்கின்றன. வளாகத்தின் வாயிலில் அங்கீகாரச் சின்னம் இருப்பதைப் பார்த்து மனம் அமைதி அடைந்துவிடக் கூடாது. அந்த அங்கீகாரம் வளாக உரிமையாளர் தாமே நடத்தும் முகாமுக்கு உரியது, வாடகைக்கு வரும் குழுவின் நிகழ்ச்சிக்கு அது தானாகப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அரசு அனுமதி யார் பெயரில் இருக்கும், உயிர்காப்பாளரை யார் அமர்த்துவார், ஏற்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தின் நகல் ஒன்று நமக்குக் கிடைக்குமா என்று எழுத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகு உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தையும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, அந்த வாரத்துக்கு முகாம் நடத்துபவராக அவர்கள் யாரைக் கருதுகிறார்கள் என்று கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.