பன்ஷீ டைமிங்: பழைய தட்டை அராவுவதா, அட்ஜஸ்டபிள் தட்டு வாங்குவதா?

யமஹா பன்ஷீ 350 என்ற நாலு சக்கர ஏ.டி.வி. வண்டியில் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, 4 டிகிரி முன்னே தள்ள இரண்டு வழி: ஃப்ளைவீலுக்குப் (கிராங்க் முனையில் சுழலும் கனச் சக்கரம்) பின்னாலுள்ள ஸ்டேட்டர் தட்டின் திருகுத் துளையை அராவி நீட்டுவது, அல்லது திருப்பி வைக்கக்கூடிய புதுத் தட்டு வாங்குவது. எதுவானாலும் ஃப்ளைவீலைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியல் தொடவே கூடாது.

செலவு: அராவ ஓர் உருண்டை அரம் போதும். புதுத் தட்டுக்குக் காசு.

துல்லியம்: திருகுத் துளை மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளியிருந்தால் 1 டிகிரிக்கு 0.87 மி.மீ., 4 டிகிரிக்கு 3.5. அரம் சற்று ஓடினாலும் கணக்கு போச்சு. புதுத் தட்டில் டிகிரிக் கோடே உண்டு.

திசை: இரண்டிலும் தட்டைத் திருப்ப வேண்டியது கிராங்க் சுற்றுக்கு எதிர்ப்பக்கம். மாற்றித் திருப்பினால் வண்டி சோம்பும்.

பிடிப்பு: அராவிய துளையில் திருகு நழுவும்; அகல வாஷரும் நீல லாக்டைட்டும் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) கட்டாயம்.

ஒருமுறை வைத்துவிட்டு மறப்பவருக்கு அரமே போதும். ரேஸ் பெட்ரோலும் சாதாவும் மாற்றி ஊற்றுபவர் தட்டை வாங்கட்டும். கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சினில் சாதா பெட்ரோலோடு 4 டிகிரியை விட்டுவைத்தால், பிஸ்டன் விளிம்பு உப்பு அரித்த சுவர் மாதிரி ஆகிவிடும்.